பட்டியலில் இல்லாதவர்களை எப்படித் தண்டிப்பீர்கள்?

இந்திய பார் கவுன்சிலின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வக்கீல் அலுவலகங்களில் குமாஸ்தாவாகவே காலத்தை ஓட்டியவன் நான். எங்கள் ஆட்களின் தவறைப் பற்றி எங்களில் ஒருவனே எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் சக குமாஸ்தா ஒருவர், கட்சிக்காரர் கொடுத்த கோர்ட் ஃபீஸைக் கட்டாமல் தானே வைத்துக்கொண்டார். வழக்கு நம்பர் ஆகிவிட்டது என்று ஏதோ ஓர் எண்ணை எழுதிக் கொடுத்து, மாதாமாதம் வாய்தா தேதியும் சொல்லி வந்தார். வழக்குக் காகிதக் கட்டு பீரோவிலேயே கிடந்தது. விஷயம் வெளியே வந்ததும் வக்கீல் கைப்பணத்தைப் போட்டுக் கட்சிக்காரரைச் சமாதானப்படுத்தினார். ஆளை அன்று மாலையே அனுப்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து அவரைத் தாக்கல் பிரிவில் பார்த்தேன், வேறொரு வக்கீலின் கட்டோடு. அந்த வக்கீலுக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி, தவறு செய்த வக்கீலைக் கண்டிக்கலாம், தொழில் செய்யவிடாமல் நிறுத்திவைக்கலாம், வக்கீல்கள் பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லையே, எதை நீக்குவீர்கள்? போலீஸுக்குப் போகலாம்தான். அலுவலகப் பெயர் கெடும் என்று பலர் போவதில்லை.

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டு சொலிசிட்டர்கள் (அங்குள்ள ஒருவகை வக்கீல்கள்) சட்டத்தின் 43ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சொலிசிட்டர் அல்லாத ஊழியர் ஒருவர் மேல் அந்தப் பிரிவின்படி உத்தரவு வந்தால், ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் எந்த சொலிசிட்டரும் அவரை வேலைக்கு வைக்கக் கூடாது. தெரிந்தே வைத்தால் அந்த சொலிசிட்டர் மேலேயே நடவடிக்கை வரும். உத்தரவை ரத்து செய்யும்படி பின்னால் கேட்கவும் இடமுண்டு.

சரி, அதை அப்படியே கொண்டுவந்துவிடலாமா? எனக்கு ஒரு பயம் இருக்கிறது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுக்களைப் புரட்டிப் பாருங்கள்: 'குமாஸ்தா கட்டை வேறு கட்டோடு கலந்துவிட்டார்' என்ற வரி எத்தனை பிரமாணப் பத்திரங்களில் வருகிறது! அப்படி நான் கலக்காத கட்டுகளும் என் கணக்கில் ஏறியிருக்கின்றன. அதனால் மறதியையும் மோசடியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பணம் எடுத்தது, கையெழுத்தைப் போலியாகப் போட்டது, இல்லாத உத்தரவைக் காட்டியது போன்றவை மட்டும் விசாரணைக்கு வரட்டும். விசாரணையில் குமாஸ்தாவின் பதிலையும் கேளுங்கள். வக்கீல் மேல் வரும் புகாரை மாநில பார் கவுன்சில் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று நம் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவு சொல்கிறது. அதே கெடு எங்களுக்கும் இருக்கட்டும். மேற்பார்க்காமல் விட்ட வக்கீலையும் அதே விசாரணையில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் குமாஸ்தா