வெப்பநிலைக் குறிப்பேடு பற்றி மகளுக்கு

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகள் தேவகிக்கு,

அப்பா எழுதுவது. இறந்த பன்றியின் உடலில் ஈப்புழுக்கள் வளரும் வேகத்தைக் கொண்டு, சாவு நேர்ந்து எத்தனை நாளாயிற்று என்று கணிப்பதே உன் ஆய்வு என்றதும் அம்மா திகைத்துப்போனாள். புரட்டாசி விரதத்திலுமா அதைத் தொடுவாய் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தத் திகைப்பு இல்லை.

வெப்பநிலை பதியும் கருவி இரண்டு நாள் நின்றுபோனதாகவும், கேப் டவுன் வானிலை நிலையத்தின் அளவுகளை அந்த இடைவெளியில் இட்டுவிடலாமா என்றும் தொலைபேசியில் கேட்டாயே, அதற்காகத்தான் இக்கடிதம். புழுவின் வளர்ச்சி வெப்பத்தையே சார்ந்தது. புழுக்கள் கூட்டமாகத் திரளும்போது அவையே வெப்பத்தை உண்டாக்கும். ஆகவே குளிர்கால மழையில் புதரடியில் கிடக்கும் உடலின் வெப்பமும், திறந்தவெளியில் நிற்கும் நிலையத்தின் அளவும் ஒன்றாகா. அதை இடுவது தவறன்று. ஆனால் அதே இடத்தில் கருவியை மேலும் சில நாள்கள் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு திருத்திய பிறகே இட வேண்டும். திருத்தியது என்றும் எழுத வேண்டும். கீரி வந்து சதையைத் தின்ற நாளையும் குறிக்காமல் விடாதே.

சர்க்கரை ஆலைச் சோதனைக்கூடத்தில் இருந்தபோது, விடுபட்ட ஒரு பிரிக்ஸ் அளவுக்கு, அதாவது கரும்புச் சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை முதலான பொருள்களின் அளவுக்கு, முந்தைய வண்டியின் அளவையே நான் எழுதிவிட்டேன். அதை வைத்துத்தான் கரும்பு கொண்டுவந்தவருக்குப் பணம் கணக்கிடுவார்கள். அவருக்குக் குறைந்ததா கூடியதா என்று கண்டறிய வழியே இல்லாமல் செய்துவிட்டேனே என்பது இன்றும் உறுத்துகிறது.

நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அகமது திமோலின் வழக்கை நீ அறிவாய். 1971 அக்டோபர் 27 அன்று ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தில் இறந்த அவர், 10ஆம் மாடியிலிருந்து தாமே குதித்தார் என்று 1972இல் தீர்ப்பாயிற்று. அன்றைய பிரேதப் பரிசோதனையில் பதிவான காயங்களைத் தடயவியல் மருத்துவர்கள் மீண்டும் ஆராய்ந்து, அவற்றுள் பல விழுவதற்கு முன்பே பட்டவை என்று விளக்கினர். 2017இல் நீதிபதி பில்லி மோத்லே அது கொலை என்றார். தீர்ப்பு பொய்த்தும் காயங்களின் பதிவு காகிதத்தில் இருந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது.

அந்த இரண்டு நாள்களுக்குரிய கட்டங்களை இப்போதைக்கு வெறுமையாகவே விடு. கருவியை நாளையே பழைய இடத்தில் வைத்துவிட்டு, உன் மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொல். விடுமுறைக்கு வரும்போது குறிப்பேட்டைக் கொண்டுவா. கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா