பட்டன் கதையின் முடிவு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. கார்த்திகை மழை விட்டபாடில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அம்மாவை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். முட்டுவலிக்கு எண்ணெய் மாற்றியதில் இப்போது கொஞ்சம் தேவலை, கவலைப்படாதே.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதையின் முடிவை நான் கேட்டுவிட்டேன்.

கொடைத் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் பாய் விரித்து உன் ஆச்சி மடியில் நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் படுத்திருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? பாபநாசம் மலையில் பொம்மக்காவும் திம்மக்காவும் பாடுவதைக் கேட்டுப் பட்டன் மயங்கி நிற்கிற இடம் வரை முழித்திருப்போம். அப்புறம் கண் விழித்தால் வீட்டுத் திண்ணை. வளர்ந்த பிறகாவது கேட்டோமா? பொங்கல் பானை, விருந்தாட்களுக்குச் சோறு, பிள்ளைக்குப் பால் என்று பாதியில் எழுந்து போனதுதான். வில்லடி விடிய விடிய நடக்கும், நம் காதில் விழுவது முன்ராத்திரிப் பங்கு மட்டும். இந்த ஐம்பத்திரண்டு வயதில்தான் முழுக்கதையும் கேட்டேன், அதுவும் நம்ம பழைய டாக்கீஸில்.

பல வருஷம் நெல் மூட்டை அடுக்கிக் கிடந்த இடம் அது. போன வருஷம் ஊரே சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. ஓய்வுபெற்ற வாத்தியார்கள் ஐந்தாறு பேர், பீடி சுற்றிக் கடை வாசலில் கணக்குக்கு நிற்கிற பெண்கள், துபாயில் இருக்கிற பையன்கள் என்று ஆளுக்கு முடிந்ததைக் கொடுத்தோம். திரையைக் கழற்றிப் பார்த்தால் பின்னால் நல்ல அகலமான மேடை! முதலில் நாடகத்துக்கும் சேர்த்துக் கட்டிய கொட்டகையாம். நாடகங்கள் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், அன்றைக்கு அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். அவர் 1918இல் பால சபை தொடங்கிப் பையன்களைப் பழக்கிய பிறகு இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாடகக் கம்பெனிகள் வந்து போனதைப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது திரையை மேலே சுருட்டி ஏற்றுகிற மாதிரி செய்துவிட்டோம். சனிக்கிழமை சினிமா, மாதத்தில் ஒரு ஞாயிறு மேடை.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவரை இடிக்கும்போது நானும் ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். ஏட்டி, அந்தச் சுவர் ஓரம் உட்கார்ந்து கழுத்து வலிக்க எத்தனை படம் பார்த்திருப்போம்!

வில்லடிக்கு ஐப்பசி, கார்த்திகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சித்திரையிலும் ஆடியிலும் கொடை ஓயாது, வில்லுக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மழைக் காலத்தில் வருமானமே கிடையாது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மா எத்தனை கோயிலில் வில்லடித்திருப்பார்! 2018இல் அவர் போனபோது பேப்பரில் எழுதினார்கள். இருக்கும்போதே கூப்பிட்டு உட்கார வைக்கிற இடம் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

நம் கொட்டகைக்கு வந்தவரும் ஒரு அம்மாதான். பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம். பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். வில்லில் வீசுகோல் விழ, மணிகள் குலுங்க, உடுக்கையும் குடமும் சேர்ந்துகொள்ள, பெண்களின் விரல் அதுபாட்டுக்கு இலையைச் சுருட்டியது. நடுவில் பெருமழை. தகரக் கூரையில் அடித்த அடியில் பாட்டுக் கேட்கவில்லை. அந்த அம்மா கோலைக் கீழே வைத்துவிட்டு, மழை ஓயட்டும் என்று கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டார். ஒருத்தர் எழுந்து போகவில்லை. அந்த நேரத்தில் சுக்குக்காபி கொடுத்தோம்.

மழை வெறித்ததும் கடைசிப் பகுதி. பிராமணனாகப் பிறந்த பட்டன் பூணூலை அறுத்தெறிந்து, பெண்களின் அப்பா வாலப்பகடை சொன்னபடி செருப்புத் தைத்து, அக்கா தங்கை இருவரையும் கட்டுகிறான். மாடு திருட வந்தவர்களை விரட்டிவிட்டு ஓடையில் கை கழுவும்போது, ஒளிந்திருந்தவன் முதுகில் குத்திவிடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் சிங்கம்பட்டி அரண்மனையில் உத்தரவு வாங்கித் தீயில் இறங்குகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மதினி பீடித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டனே சாமியாகி நிற்கிற பட்டவராயனுக்குச் செருப்புக் கட்டித் தொங்கவிடுவதைச் சின்னதிலிருந்து பார்க்கிறோமே. அது யாருடைய செருப்பு என்று அன்றைக்குத்தான் என் நெஞ்சுக்குப் புரிந்தது.

கணியான் கூத்தையும் கூப்பிட வேண்டும் என்று பேச்சு. அதில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சுடலைமாடன் கொடையில் ஆடுவதை டிக்கெட் போட்டு ஆடலாமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கூத்தில் முன்பாட்டுப் பாடுகிற அண்ணாவியிடமே போய்க் கேட்டோம். பாட்டும் ஆட்டமும் எங்கேயும் வரும், கையைக் கீறி ரத்தம் கொடுப்பது சாமிக்கு மட்டும், அது கோயிலோடு இருக்கட்டும் என்றார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

சினிமாவுக்குக் கூட்டம் குறைவுதான். படத்தின் உரிமையாளரிடம் அனுமதி, லைசென்ஸ், கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். பழைய கார்பன் புரொஜெக்டர் இரண்டையும் துடைத்து வாசலில் வைத்திருக்கிறோம், பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

நீ மும்பை மாதுங்காவில் சண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்டதாக எழுதியிருந்தாய். ஆடி அமாவாசைக்கு வந்தால் காரையாறு போய்விட்டு இங்கே பத்து நாளாவது இரு. அதற்கு முன்னால் ஒரு வேலை. உன் அம்மாவிடம் போனில் பேசும்போது, கல்யாணமான புதிதில் இந்தக் கொட்டகையில் என்ன நாடகம் பார்த்தார்கள் என்று கேள். நான் கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள்.

அன்புடன்,
பார்வதி