முப்பது வயதில் புடைத்த நரம்பு

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புதிய வேலை, குழந்தையின் நடை, வீடு மாறியது என்று மூன்று பக்கங்கள் மகிழ்ச்சியாக எழுதிவிட்டு, கடைசி இரண்டு வரிகளில் மட்டும், இடது காலில் நரம்பு முறுக்கிப் புடைத்திருப்பதாகவும், முப்பது வயதில் இதை ஒருவரிடம் காட்டவே கூச்சமாக இருப்பதாகவும் குறிப்பிட்டிருந்தாய். மற்றவற்றுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுவதும் அந்த இரண்டு வரிகளுக்கே.

எனக்கும் அதே வெரிகோஸ்தான், தேன்மொழி. உன்னிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இருபத்தாறு வயதில் முழங்காலுக்குப் பின்னால் நீலக்கோடாகத் தோன்றியது. வகுப்பறையில் நாள் முழுதும் நிற்பதால் வரும் அசதி என்று மாலை நேரக் கனத்தையும் இரவுக் கெண்டைப் பிடிப்பையும் நான்கு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டேன். உட்கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறி அரிக்கத் தொடங்கியபோதும் அதைத் தோல் நோய் என்றே எண்ணி ஓராண்டு களிம்பு தடவினேன். புடைத்த இரத்தக்குழாயில் தேங்கிய இரத்தத்தின் சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் நிறம் அது என்பதும், அந்த இடத்தில்தான் பின்னாளில் ஆறாத புண் வரக்கூடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

நரம்பு என்று நாம் சொன்னாலும் இது நரம்பு அன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. இரத்தம் கீழே வழிந்துவிடாதபடி அதற்குள் சிறு கதவுகள் போல வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைத் தசை ஒவ்வோர் அடிக்கும் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் அந்த இறக்கம் சரியாக நிகழ்வதில்லை. தள்ளிய இரத்தம் மறுபடியும் கீழே வந்து சிரையை அகலப்படுத்துகிறது, அகன்ற சிரையில் அடுத்த வால்வும் மூடாமல் போகிறது. இதற்கு முதுமை தேவையில்லை. ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரில் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, புடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சிலரிடம் இரத்தம் கீழ்நோக்கித் திரும்பும் இந்தப் பின்னொழுக்கு இருந்தது. பெற்றோரிடமிருந்து வரும் நலிவும், கருவுற்ற காலத்தில் கூடும் இரத்த அளவும், நெடுநேரம் நிற்பதும் அதை விரைவுபடுத்துகின்றன. கருவுற்றபோது வரும் புடைப்பு பேறுகாலத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். உன் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் அது அப்படியே இருப்பதால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்து, இரத்தம் ஓடும் திசையை ஒலியலைகளால் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள். உன்னை நிற்கவைத்துப் பார்க்கிறார்களா என்பதைக் கவனி. படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் பின்னொழுக்கு தப்பிவிடலாம். என்னை நிற்கவைத்துப் பார்த்தபோது, இரத்தம் அரை நொடியைத் தாண்டிப் பின்னோக்கி ஓடினாலே பழுது என்றார்கள். எனக்கு அது மூன்று நொடி ஓடியது. உனக்கு இடது கால் மட்டும் என்பதால், இடுப்புக்குள் இடது சிரையை வலப்பக்கத் தமனி அழுத்துகிறதா என்றும் கேள். இளம் பெண்களிடம் அந்த அமைப்பு சில வேளை காரணமாக இருக்கிறது. அடுத்த குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடு.

எனக்குச் சென்ற மாதம் லேசர் சிகிச்சை முடிந்தது. முழங்காலருகே ஊசி வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, பழுதான சிரையை உள்ளிருந்தே சுட்டு மூடினார்கள். காலின் இரத்தத்தில் பெரும்பகுதியை ஆழத்துச் சிரைகளே சுமப்பதால் இந்த ஒன்றை இழப்பதில் குறையில்லை. அன்றே நடந்து வீடு வந்தேன். தொடையில் சில நாள் கயிறு இழுப்பது போன்ற வலி இருந்தது. வேறு சிரையில் மறுபடி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அழுத்தக் காலுறை கனத்தைக் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. அளவெடுத்து வாங்கி, காலையில் கால் வீங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு கால் திடீரென வீங்கிக் கெண்டை வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நாள் குறித்துக் காத்திருக்காதே. அன்றே மருத்துவமனைக்குப் போ. புடைத்த சிரை வெடித்து இரத்தம் வந்தால் படுத்துக் காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடி.

ஸ்கேன் அறையில் என் தாய் தந்தையரின் கால்களைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். அம்மா எப்போதும் புடவையைக் கணுக்கால் தெரியாமல் இழுத்துவிட்டுக்கொள்வது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரைக் காலைக் காட்டச் சொன்னேன். என்னுடையதைப் போலவே உட்கணுக்காலில் பழுப்பு. அடுத்த வாரம் அவரை அழைத்துப் போகிறேன். உன் அம்மாவிடமும் கேட்டு, மருத்துவரைப் பார்க்கும் நாளைக் குறித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
வளர்மதி