சில்வராடோவும் சித்தப்புவின் நாலு அவுன்ஸும்

அன்புள்ள மாப்ளே,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சித்தப்பு சொன்னபடி சனிக்கிழமை உன் சில்வராடோ பிக்கப்பின் பின் ஆக்சிலில் நாலு அவுன்ஸ் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரை, அதாவது தட்டுகளை வழுக்க வைக்கும் ஆயில் சேர்மானத்தை, ஊற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். பாட்டிலை மூடி அலமாரியில் வை, ஊற்றாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மிச்சத்தைப் போனில் பேசலாம்.

சித்தப்பு சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அவருடைய ஃபோர்டின் டிஃபரென்ஷியல், அதாவது இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் அமைப்பு, ட்ராக்-லாக் என்ற லிமிட்டெட் ஸ்லிப் வகை: ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சறுக்குவதைக் கட்டுப்படுத்தும். உள்ளே கிளட்ச் தட்டுகளை ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் போவதால் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடுபட்டுக் கடகடவென்று அதிரும். அதற்குத்தான் 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி மாடிஃபையர். ஊற்றிவிட்டுக் காலி மைதானத்தில் எட்டுப் போட்டால் தட்டுகளுக்கு நடுவே இறங்கிவிடும். அதிர்வும் நிற்கும். ஆனால் உன் வண்டி ஃபோர்டு இல்லையடா, ஷெவ்ரலே. அதில் இருப்பது வேறு சாமான்.

ஊகிக்காமல் முதலில் பார். பழைய வண்டி என்றால் கையுறைப் பெட்டிக்குள் மூன்றெழுத்துக் குறியீடுகள் நெருக்கமாக அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். புதியதென்றால் டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய். பட்டியலில் ஜி80 இருந்தால் ஈட்டன் கம்பெனியின் தானியங்கி லாக்கர், சறுக்கும்போது இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இல்லையென்றால் பூட்டே இல்லாத வெறும் ஓப்பன் டிஃபரென்ஷியல். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்க்கும் பழைய சோதனை இங்கே ஏமாற்றும். ட்ராக்-லாக்கில் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். ஜி80-யோ ஓப்பன் மாதிரியே மறு சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றவிடும். அதைப் பார்த்துவிட்டு "லிமிட்டெட் ஸ்லிப்பே இல்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் ஏராளம். வெடுக்கென்று வேகமாகச் சுண்டினால்தான் டக்கென்று பிடிக்கும். முன் சக்கரங்களுக்கு அடைக்கட்டையும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டும் வைக்காமல் இதைச் செய்யாதே.

அது பிடிக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிஃபரென்ஷியலின் கூடான கேரியருக்குள் சின்னதாக ஒரு கவர்னர், ரங்கராட்டினத்துத் தொட்டில்கள் மாதிரி வேகம் ஏறினால் வெளியே விரியும் எடைகளோடு. இரண்டு பின் சக்கரத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் எடை விரிந்து ஒரு கொக்கியில் மாட்டுகிறது. கவர்னர் நின்றுவிட, கேம் தட்டு சரிவில் ஏறிக் கிளட்ச் தட்டுகளை நசுக்குகிறது. டார்க், அதாவது முறுக்கு விசை, கூடக் கூட அழுத்தமும் கூடும். முழுசாகப் பூட்டிக்கொள்ளும். சறுக்கல் தீர்ந்து பளு விலகியதும் தானே விடும். வண்டி மணிக்கு 20 மைலைத் தாண்டினால் அந்தக் கொக்கியே விலகி நின்றுகொள்ளும், ஹைவேயில் திடீரென்று பூட்டக் கூடாதில்லையா? கம்பி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. 1970களிலிருந்து இதே அடிப்படை.

இப்போது நீயே சொல். தட்டுகள் வழுக்காமல் இறுகினால்தான் இது பூட்டும். அதில் போய் வழுக்கலுக்கென்றே செய்த ரசாயனத்தை ஊற்றினால்? கேம் ஏறும், தட்டு வழுக்கும், பூட்டு அரைகுறையாய் நிற்கும், தட்டு தேயும். அதனால்தான் இதற்குக் கையேட்டில் சொன்ன சிந்தெடிக் ஆயில் மட்டும் போடச் சொல்கிறார்கள். ஆண்டைப் பொறுத்து 75டபிள்யூ-85 அல்லது 75டபிள்யூ-90. கடைக்காரர் "லிமிட்டெட் ஸ்லிப்புக்கும் ஏற்றது" என்று நீட்டும் ஆயிலில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கலாம். லேபிளின் பின்பக்கத்தையும் படி.

"ட்ராக்ஷன் கன்ட்ரோல்தான் இருக்கிறதே, லாக்கர் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். சக்கரம் சறுக்கினால் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடுதான் அந்தக் கன்ட்ரோல். டார்க் கணக்கில் உன் புலமை எனக்குத் தெரியும், அந்த வைவாவை வாத்தியாரே மறந்திருக்க மாட்டார். எனவே எண்களோடு சொல்கிறேன். ஓப்பன் டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம டார்க்தான் தரும். பனிமேல் நிற்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்குமென்றால், தார்மேல் நிற்பதற்கும் அதே 100தான். வண்டி நகராது. ட்ராக்ஷன் கன்ட்ரோல் அந்தச் சறுக்கும் சக்கரத்தை 400-க்கு பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் மொத்தம் 500 ஆகிறது. உடனே இந்தப் பக்கமும் 500. வண்டி நகரும். ஆனால் அந்த 400 முழுக்க பிரேக்கில் சூடாய்ப் போகிறது. கூடவே எஞ்சினையும் அது அடக்கும். நம்ம ஒல்லியின் டொயோட்டா டக்கோமாவில் "ஆட்டோ எல்எஸ்டி" (தானியங்கி லிமிட்டெட் ஸ்லிப்) என்று பெருமையாக எழுதியிருப்பதும் பிரேக் வேலைதான், உள்ளே தனிச் சாமான் எதுவும் கிடையாது. சேற்றில் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினால் பிரேக் சூடேறி, பீப் அடித்து ஒதுங்கிக்கொள்ளும். அவனிடம் இதைச் சொல்லாதே, சண்டைக்கு வருவான்.

உன் வண்டியில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும். லாக்கருக்கு 100 சுற்று வித்தியாசம் வேண்டும். ட்ராக்ஷன் கன்ட்ரோலோ சக்கரம் சுற்ற ஆரம்பித்ததுமே எஞ்சினை அமுக்குகிறது. அந்த 100 வருவதற்குள் சக்கரம் அடங்கிவிட்டால் லாக்கர் கண்ணே திறக்காது. "ஜி80 இருந்தும் மாட்டிக்கொண்டேன்" என்று நீ புலம்பியதற்கு இது காரணமாயிருக்க நல்ல வாய்ப்பு. மாட்டும்போது அந்தச் சறுக்குப் படம் போட்ட பட்டனை ஒருமுறை தட்டி விடு, ட்ராக்ஷன் மட்டும் அணையும். அழுத்திப் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்து போய்விடும், அது வேண்டாம். பிறகு ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்று. 32 இன்ச் டயரில் ஒரு சக்கரம் நின்று மற்றது 100 சுற்றுச் சுற்றினால் ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 5 மைல் காட்டும். அங்கேதான் பிடிக்கும். பிடிக்கவில்லையே என்று மிதித்து 20-ஐத் தாண்டவிட்டால் கொக்கி விலகிவிடும், அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிரயோஜனமில்லை. தாண்டும் முன்பே வேகமாகச் சுழலும்போது பிடித்தால் டிஃபரென்ஷியலின் கூடே உடையும். அமெரிக்காவில் இதற்கு "கவ்-பாம்" (கவர்னர் குண்டு) என்று பட்டப்பெயர் வந்தது இப்படி மிதிப்பவர்களால்தான்.

பிடிக்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் அந்த ஒர்க்‌ஷாப்பில் "டிஃபரென்ஷியல் போச்சு" என்று எஸ்டிமேட் போட்டிருப்பார்கள். சறுக்கும்போது மட்டும் வந்தால் அது வேலை செய்யும் சத்தம். காய்ந்த ரோட்டில் வளைவிலும் வந்தால், அல்லது வேகத்தோடு சேர்ந்து ஊளையிட்டால், அப்போது மூடியைத் திற.

நீ படகை இழுத்துப்போய்த் தண்ணீரில் இறக்கும் சாய்தளத்துக்கு வருகிறேன். அங்கே இரண்டு பின் சக்கரமும் பாசிமேல் நிற்கின்றன. லாக்கர் பூட்டினாலும் இரண்டும் சேர்ந்து சறுக்கத்தான் செய்யும். பிடிமானம் முன் சக்கரத்தின் கீழே காய்ந்த கான்கிரீட்டில் இருக்கிறது. எனவே ஃபோர் வீல், சரிவு அதிகமென்றால் லோ கியர், ஸ்டியரிங் நேராக. மேலே வந்ததும் எடுத்துவிடு. அதைவிட எனக்கு வேறொரு கவலை. நீண்ட தூரம் இழுத்து வந்து, ஆக்சில் கொதிக்கும்போதே தண்ணீரில் இறக்குகிறாய். உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்த மூச்சுக்குழாய்தான் ஆக்சில் குழலின் மேலே ஓடும் சின்ன ரப்பர் ஹோஸ். கழன்றிருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா பார். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

பனிக்காலத்தைப் பற்றி மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்கிறேன். தங்கச்சியும் அந்த வண்டியை எடுக்கிறாள். ஓட்டத்தில் ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணைக்கவே கூடாது. ஓப்பனில் ஒரு பின் சக்கரம் சுழன்றாலும் மற்றது பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும், காலி பிக்கப்பின் லேசான பின்பக்கம் அப்படியே வெளியே போகும். பட்டன் அணைப்பதெல்லாம் மாட்டிக்கொண்ட இடத்தில், ஊர்ந்து போகும் வேகத்தில் மட்டும். ஆக்சிலுக்கு நேர் மேலே மணல் மூட்டை போட்டு நகராமல் கட்டு. பனி டயர் நாலும் வாங்கு. அந்தக் காசுக்கு வேறு எந்தச் சாமானும் ஈடில்லை. நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். இல்லையென்றால் ஃபோர் வீலில் போகும்போது, முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

சனிக்கிழமை கை அரித்தால் ஆயிலை மாற்று. சூடாக இருக்கும்போதே செய். ஊற்றும் துளையின் பிளக் கழல்கிறதா என்று முதலில் பார், வடித்துவிட்டு அது துருப்பிடித்து வராவிட்டால் வண்டி அங்கேயே உட்காரும். காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு மாதிரி இருந்தால் சரி. செதிலோ துண்டோ இருந்தால் எனக்குப் படம் அனுப்பு. மட்டம் துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், எவ்வளவு கீழே என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். ஒருவேளை நான் சொல்வதற்கு முன்பே மாடிஃபையரை ஊற்றிவிட்டாய் என்றால் இருமுறை மாற்று: வடித்து, நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடி.

அந்த பாட்டிலைச் சித்தப்புவிடமே கொடுத்துவிடு. அவருக்கு எப்படியும் வேண்டியிருக்கும். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு, ஜி80 இல்லையென்றால் நான் இவ்வளவு எழுதியதில் பாதி உனக்கு வேண்டியதில்லை.

உன்,
மச்சான்