தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பொருளா அது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வேளாண் பகுதியில் மின்சாரச் சங்கிலி ரம்பத்தின் பராமரிப்பைப் பற்றிச் சென்ற வாரம் வந்த குறிப்பில், வேலை முடிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும் என்று ஒரு வரி இருந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சவுக்கும் வைத்திருக்கும் எனக்கு அதைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியே உள்ளே இறங்கும் ஈரம் எளிதில் காயாது என்பதும், அப்படியே பிளக்கில் சொருகினால் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்கலாம் என்பதும் தாங்கள் அறியாததல்ல.

அதைவிட வருத்தம், துடைக்கத் தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பேட்டரி ரம்பமானால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்ற முதல் வார்த்தையே அக்குறிப்பில் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் நின்றது. அந்த இடைவேளையில் ஓர் இளைஞர் பிளக்கைப் பிடுங்காமலே சங்கிலியில் அப்பியிருந்த பலாப் பிசினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத்திக்கொண்டே இருக்கக் கை வலிக்கிறது என்று பாதுகாப்புப் பொத்தானையும் விசையையும் சேர்த்து டேப்பால் சுற்றிவைத்திருந்தார்கள். கரண்ட் வந்தது, சங்கிலி ஓடியது. அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் தோப்புகளைச் சாய்த்த காலத்திலிருந்தே இந்த ரம்பங்கள் ஊருக்குள் புழங்குகின்றன. ஆயினும் முறையாகச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. நான் வாங்கிய கடையில் கொடுத்த கையேட்டில் ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. சங்கிலி வழுக்கி ஓடப் பழைய எஞ்சின் ஆயிலையே ஊற்றிக்கொள்ளலாம் என்றும் அங்கே சொன்னார்கள். அதிலுள்ள அழுக்கும் இரும்புத்துகளும் எண்ணெய்த் துளையை அடைத்துச் சங்கிலியைக் காயவிட்டுவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மின்இணைப்பைத் துண்டித்துக் கையுறை அணிந்து பக்கமூடியைக் கழற்றினால், பல்சக்கரத்தைச் சுற்றி மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களிபோல் இறுகியிருப்பது தெரியும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, சங்கிலி ஓடும் பட்டையின் பள்ளத்தையும் எண்ணெய்த் துளையையும் மெல்லிய குச்சியால் சுரண்ட வேண்டும். பட்டையை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இருபுறமும் சமமாகத் தேயும். திரும்ப மாட்டிய பின், சங்கிலி பட்டையின் அடியில் தொங்கவும் கூடாது, கையால் இழுத்தால் ஓடாத அளவுக்கு இறுகவும் கூடாது. சூட்டில் சங்கிலி நீளும் என்பதால் ஆறிய பிறகே இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அறுக்கும்போது சிம்பு சிம்பாக விழாமல் மாவுபோல் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது பலங்கொண்டு அழுத்தாமல் வட்ட அரத்தால் தீட்ட வேண்டும்.

வரும் இதழில் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், 'தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்' என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் மாவட்டம்.