பிளஸ் ஒன் இயற்பியல் ரெக்கார்டு நோட்டு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் பிளஸ் ஒன் இயற்பியல் ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தன. ஒரு நோட்டில் ஒரு சோதனையின் விடையாக 0.47 என்று எழுதியதை ரப்பரால் தேய்த்து அழித்துவிட்டு, அதே இடத்தில் 0.40 என்று எழுதியிருந்தது. மற்ற நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே 0.40. இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நிலைமத் திருப்புத்திறன் என்று ஒரு பாடம். ஒரு பொருளைச் சுழல வைப்பதும், சுழல்வதை நிறுத்துவதும் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவு அது. எடை மட்டும் போதாது, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கால்மிதி தையல் மெஷினின் பெரிய சக்கரத்தைப் பாருங்கள். இரும்பு பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். அதனால்தான் காலை எடுத்த பிறகும் சற்று நேரம் ஓடுகிறது.

பாடத்திட்டத்தில் உள்ள சோதனை எளிமையானது. நுட்பமாக நீளம் அளக்கும் வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து, சூத்திரத்தில் போட வேண்டும்: ஐந்தில் இரண்டு × எடை × ஆரத்தின் வர்க்கம். 64 கிராம் இரும்புக் குண்டு, விட்டம் 2.50 செ.மீ. என்றால் விடை 40 கிராம் செ.மீ.². வெர்னியரின் சுழிப்பிழை, அதாவது எதையும் அளக்காமல் மூடியிருக்கும்போதே அது காட்டும் 0.04 செ.மீ.யைக் கழிக்க மறந்தால் அதுவே 41.3 ஆகிவிடும். ஆரம் வர்க்கமாக வருவதால் பிழையும் இரட்டிப்பாகிறது.

இதில் சூத்திரத்தை நம்பி எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சூத்திரம் சரியா என்று பிள்ளைகளே பார்க்கட்டும் என்று எங்கள் இயற்பியல் ஆசிரியர் இன்னொரு சோதனையும் செய்ய வைத்தார். 2 மீட்டர் பலகை, ஒரு முனை 20 செ.மீ. உயரத்தில். அதில் குண்டையும் இரும்பு வளையத்தையும் உருட்டிவிட்டு நேரம் பார்க்க வேண்டும். கணக்குப்படி குண்டு 2.39 நொடியில் இறங்கும், வளையம் 2.86 நொடி எடுக்கும். எடை முழுவதும் விளிம்பில் இருப்பதால் வளையம் பின்தங்குகிறது. அரை நொடி வித்தியாசம் கண்ணாலேயே தெரியும். பலகையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் ஒரே குரலில் கத்தியதை என் அறையிலிருந்தே கேட்டேன்.

அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் குண்டுக்குச் சூத்திரத்தில் உள்ள அதே ஐந்தில் இரண்டு, அதாவது 0.40 வர வேண்டும். நோட்டில் அழித்து எழுதிய அந்தப் பிள்ளை ஸ்டாப்வாட்சை அழுத்தியது 2.45 நொடியில். வெறும் 0.06 நொடி தாமதம், கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்கே விடை 0.47 ஆகிவிட்டது. கையால் நேரம் பார்த்தால் 0.47 வருவது இயல்பு, 0.33 வருவதும் இயல்பு. வகுப்பு முழுவதும் ஒரே 0.40 வருவதுதான் நடக்காத காரியம்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. விடை தப்பானால் மார்க் போய்விடும் என்ற பயத்தை நாம்தான் ஊட்டியிருக்கிறோம், பள்ளியும் சேர்த்துத்தான். கலிலியோ சாய்வுப் பலகையில் வெண்கலக் குண்டை உருட்டியபோது அவரிடம் கடிகாரம் இல்லை. பாத்திரத்திலிருந்து வடிந்த தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். திரும்பத் திரும்ப உருட்டிப் பார்த்தார். நம் பிள்ளைகளும் பத்து முறை உருட்டிச் சராசரி எடுக்கட்டும், பிழை எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதட்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள். காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். "விடை சரியா வந்துச்சா?" என்று கேட்பதற்குப் பதில், "என்ன ரீடிங் வந்துச்சு, ஏன் அப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். தன் ரீடிங்கை உள்ளபடி எழுதும் பிள்ளைக்கு ரெக்கார்டு மதிப்பெண் குறையாது. அதற்கு நான் பொறுப்பு.

வரும் சனிக்கிழமை காலை 9.30 மணிக்கு இந்தச் சோதனையை மறுபடியும் செய்கிறோம். முடிந்தவர்கள் வந்து பாருங்கள். வீட்டில் பழைய சைக்கிள் ரிம், பால் பேரிங் குண்டு ஏதாவது கிடந்தால் கொடுத்தனுப்புங்கள், லேபுக்கு உதவும். அழித்து எழுதிய அந்த நோட்டில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை ரீடிங் எடுத்த பிறகு போடுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்