கயலுக்கு அப்பா எழுதுவது

கயல் கண்ணு,

நேரத்துக்குச் சாப்பிடு. அத்தை வீட்டு விஷயம் நல்லபடியாக முடிந்தது, அம்மா சொல்லியிருப்பாள்.

கெர்ட்டியை மறுபடி போட்டுப் பார். 1914இல் வின்சர் மெக்கே வரைந்த கார்ட்டூன் படத்தில் வரும் அதே டைனோசர்தான். அவள் படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை மட்டும் கவனி. மெக்கே தன் மூச்சையே கடிகாரம் வைத்து அளந்து வரைந்தார். ஏரியில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது காலடியில் கரை மண் உள்வாங்கும். எடை தெரிவது அங்கேதான்.

பின்னணி மேல் வைத்து வரைகிற ஒளிபுகும் செல் தாள் கையில் இல்லாத காலம். ஆயிரக்கணக்கான படங்கள், மெல்லிய அரிசித்தாளில். ஒவ்வொன்றிலும் மலை, ஏரி, மரம் எல்லாம் திரும்ப வரைய வேண்டும். ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற உதவியாளர்தான் பின்னணியை நகலெடுத்தார். மூலையில் குறி போட்டு அடுக்கினாலும் கோடு மயிரிழை தள்ளிப்போகும். திரையில் பாறை நடுங்குவது அதனால்தான். அவள் ஆடுகிற இடங்களில் ஒரே படங்களைச் சுற்றிச் சுற்றிப் படம்பிடித்திருக்கிறார், உழைப்பு மிச்சம்.

ஆடியில் நீ அனுப்பிய யானை நடையில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் தலை ஒரே அளவாக இல்லை. 1, 2, 3 என்று வரிசையாகப் போனால் உருவம் நமக்கே தெரியாமல் பெருத்துவிடும். இரண்டு முனையையும் முதலில் போடு, பிறகு நடு, பிறகு அந்தப் பாதிகளின் நடு. மெக்கே செய்ததும் அதுதான். அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கவில்லை. முனைகளை முதலில் போடு கண்ணு.

அதற்கப்புறம் நீ ஒன்றும் அனுப்பவில்லை. வேலை அதிகமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

படத்தை ஓடவிட்டு, மேடையில் மெக்கே சாட்டையோடு நின்று அதட்டுவார், திரையில் கெர்ட்டி குழந்தை மாதிரி அழுவாள். உடனே அவளைத் தேற்றி, அட்டையில் செய்த ஆப்பிளை வீசுகிற மாதிரி கைக்குள் மறைப்பார். அதே நொடியில் திரையில் வரைந்த பழம் அவள் வாய்க்குப் போகும். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் கெட்டுவிடும். சொன்னால் கேட்கிற, முரண்டு பிடிக்கிற, கோபித்துக்கொள்கிற ஓர் உயிராகச் சனங்கள் அவளைப் பார்த்தது அப்படித்தான். 1923இல் ஊமைப்படச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டன் தன் படத்தில் டைனோசர் மேல் ஏறி வந்ததும் அவளை நினைத்துத்தான்.

அந்த யானையைப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை வருஷம் என்று கேட்டேன் இல்லையா. அதட்டத் தெரிந்தது, தேற்றத் தெரியவில்லை. தப்பு என்மேல்தான். 9ஆம் படத்தில் முன்கால் ஊன்றும்போது முட்டிக்கு மேல் தோல் மடிகிறதே, அதை அன்றைக்கே பார்த்தேன். என் கையில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அதைச் சொல்லாமல் தலையின் அளவை மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சாப்பிடு.

அப்பா